வெளியீட்டுத் தொகுப்புகளுக்குக் கையொப்பம்: "நல்ல கையொப்பம்" என்று சொல்லிவிட்டு ஜிபிஜி ஏன் எச்சரிக்கிறது?

#1 தாழ்வாரம்

வணக்கம். பதிவுக் கோப்புகளை அலசித் தரும் சின்னக் கட்டளைவரிக் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். வெளியீட்டுக்கு இரண்டு கோப்புகள்: மூலநிரல் அடங்கிய டார்.ஜிஇசட் சுருக்கத் தொகுப்பு ஒன்று, அப்படியே ஓடக்கூடிய ஜாவா ஜார் ஒன்று. இதுவரை பதிவிறக்கப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 ஹாஷைப் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு வந்தேன். இப்போது பயனர் ஒருவர், கையொப்பம் இல்லாத கோப்பைத் தங்கள் சர்வரில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார். நியாயமாகத்தான் படுகிறது.

கையொப்பமிடும் கருவியான ஜிபிஜியில் சாவி (கையொப்பமிடத் தனிச்சாவி, சரிபார்க்க எல்லோருக்கும் தரும் பொதுச்சாவி) உருவாக்கி, டார் கோப்புக்குக் கையொப்பம் போட்டு, வேறொரு கணினியில் சரிபார்த்தேன். "நல்ல கையொப்பம்" என்று ஒரு வரி. அடுத்த வரியே "எச்சரிக்கை: இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை". இதைப் பார்க்கும் பயனர் என்ன நினைப்பார்?

என் கேள்விகள்: ஹாஷ் மட்டும் ஏன் போதாது? அந்த எச்சரிக்கையைப் போக்க வழி உண்டா? ஜாருக்கு ஜார்சைனர் (ஜாவாவின் கையொப்பக் கருவி) தனியாக வேண்டுமா?

#2 மூன்றாம்_ஜாமம்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் நுழைந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியையே மாற்றி, பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். சுட்டியை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹாஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பும் ஹாஷும் ஒரே இடத்தில் இருந்தால், வழியில் கோப்பு சிதைந்ததா என்பதை மட்டுமே அந்த ஹாஷ் சொல்லும்.

அதற்காக ஹாஷே வீண் என்று சொல்லவில்லை. கோப்பு மிரரில் (நகல் சர்வரில்), ஹாஷ் வேறு சர்வரில் என்றால் பயன் உண்டு. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியின் மிரர் ஒன்றில் மட்டும் மேக் கோப்பு மாற்றப்பட்டது. கெட்ட கோப்பின் ஹாஷை வெளியிட்டு, உங்களிடம் இருப்பது இதுவா என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆனால் அங்கேயும் பாருங்கள், ஹாஷை நம்பலாமா என்பது அது இருக்கும் தளத்தைப் பொறுத்தது. கையொப்பம் அந்தச் சார்பை அறுக்கிறது. தனிச்சாவி சர்வரில் இல்லாதவரை, சர்வரைப் பிடித்தவரால் உங்கள் பெயரில் கையொப்பம் போட முடியாது.

#3 பொதிகட்டி

நான் ஒரு லினக்ஸ் வழங்கலுக்குப் பொதிகள் கட்டுபவன். எச்சரிக்கை பற்றி.

ஜிபிஜி இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்கிறது. இந்தப் பொதுச்சாவிக்கு உரிய தனிச்சாவியால்தான் இந்தக் கோப்பு கையொப்பமிடப்பட்டதா? ஆம், அதுதான் "நல்ல கையொப்பம்". இந்தச் சாவி உண்மையிலேயே தாழ்வாரம் என்பவருடையதா? அது எனக்குத் தெரியாது, அதுதான் எச்சரிக்கை. உங்கள் பெயரும் மின்னஞ்சலும் போட்டு யார் வேண்டுமானாலும் ஒரு சாவி உருவாக்கலாம். அந்தச் சாவியால் கையொப்பமிட்டாலும் ஜிபிஜி இதே "நல்ல கையொப்பம்" என்ற வரியைத்தான் காட்டும், உங்கள் பெயரோடு.

அதனால் "எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று மட்டும் வழிகாட்டியில் எழுதிவிடாதீர்கள். பல திட்டங்கள் அப்படி எழுதுகின்றன. சரிபார்ப்பில் உருப்படியான வேலையே அந்த எச்சரிக்கை கேட்கும் கேள்விதான். சாவியின் முழுக் கைரேகை (சாவியிலிருந்து கணக்கிடும் அடையாளம்), 40 பதினறும எழுத்துகள், அதைக் கண்ணால் ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசி 8 எழுத்துகள் போதாது. அந்த 8 எழுத்துக் குறும்பெயர் (32 பிட்) ஒத்துப்போகும் சாவியைச் சாதாரண கிராபிக்ஸ் அட்டையிலேயே சில நொடிகளில் உருவாக்கலாம் என்று 2014லேயே காட்டிவிட்டார்கள்.

இன்னொன்று. சரிபார்க்கும் கட்டளையில் கையொப்பக் கோப்பு முதலில், தொகுப்பு அடுத்து என்று இரண்டு பெயரையும் கொடுக்கச் சொல்லுங்கள். ஏஎஸ்சி (கையொப்பக்) கோப்பை மட்டும் கொடுத்தால் தொகுப்பின் பெயரை ஜிபிஜி தானே ஊகிக்கும். அந்த ஏஎஸ்சி தனிக் கையொப்பமாக இல்லாமல், உள்ளடக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கும் கோப்பாக இருந்தால், உள்ளே இருப்பதைச் சரிபார்த்துவிட்டு "நல்லது" என்று சொல்லிவிடும். பக்கத்தில் இருக்கும் டார் கோப்பைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. இரண்டு பெயரையும் கொடுத்தால் இது தனிக் கையொப்பம் அல்ல என்று பிழை காட்டி நின்றுவிடும்.

#4 எளியன்

இத்தனை விளக்கம் தேவைப்படுகிறது என்பதே ஜிபிஜி வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம் 🙂

மினிசைன் என்ற சின்னக் கையொப்பக் கருவியைப் பாருங்கள். ஃபிராங்க் டெனிஸ் எழுதியது, அடியில் எட்25519 கையொப்ப முறை. பொதுச்சாவி மொத்தமே 56 எழுத்து, ஒரே வரி. அதை ரீட்மீயில் போடலாம், சரிபார்க்கும் கட்டளையிலேயே ஒட்டலாம். சாவி வளையம் (சேர்த்துவைத்த பொதுச்சாவிகளின் கோப்பு) இல்லை, நம்பிக்கை வலை (ஒருவர் சாவிக்கு மற்றவர் சான்றளிப்பது) இல்லை, "பாதி நம்புகிறேன், முழுதாக நம்புகிறேன்" என்ற தெரிவுகள் இல்லை. கொடுத்த சாவியோடு பொருந்தினால் சரி, இல்லாவிட்டால் பிழை.

எனக்குப் பிடித்த அம்சம் அதன் "நம்பகக் குறிப்பு" வரி. கோப்புப் பெயரும் நேரமும் அதில் தானாகவே பதிவாகும், அந்த வரியும் கையொப்பத்துக்குள் அடக்கம். ஜிபிஜி தனிக் கையொப்பம் கோப்பின் பெயரைக் காப்பதில்லை. ஓட்டை உள்ள உங்கள் பழைய 1.2 பதிப்பையும் அதன் உண்மையான கையொப்பத்தையும் எடுத்து 1.9 என்று பெயர் மாற்றி யாராவது கொடுத்தால், ஜிபிஜிக்கு அது நல்ல கையொப்பமே.

#5 பொதிகட்டி

> ஜிபிஜி வேண்டாம்

மினிசைன் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. பெயர் மாற்றும் விஷயமும் உண்மை. தொகுப்பை விரித்தால் வரும் அடைவுப் பெயரில் பதிப்பு எண் இருந்தால் ஓரளவு பிடிபடும், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கருவிகள் ஜிபிஜியைத்தான் எதிர்பார்க்கின்றன. ஆர்ச் லினக்ஸின் மேக்பேக்கேஜ் கருவியில் ஏற்கத்தக்க சாவிகளின் முழுக் கைரேகையை எழுதிவைக்க ஓர் இடம் உண்டு. டெபியனில் மூலத் திட்டத்தின் பொதுச்சாவியைப் பொதிக்குள்ளேயே வைத்தால், புதுப் பதிப்பை இறக்கும்போது யூஸ்கேன் கருவி தானே சரிபார்க்கும். ஜாவா நூலகக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் ஏற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் ஏஎஸ்சி கட்டாயம். எதைப் பயன்படுத்தினால் கீழே இருப்பவர்கள் உண்மையில் சரிபார்ப்பார்களோ அதைப் போடுங்கள். யாரும் சரிபார்க்காத அழகான கையொப்பத்தால் என்ன லாபம்?

#6 சந்தேகப்பேர்வழி

யாருமே சரிபார்ப்பதில்லை என்பதுதான் நிலவரம். 2023 மே மாதம் பைதான் பொதிக் களஞ்சியமான பைபிஐ, பிஜிபி (ஜிபிஜி வகைக்) கையொப்ப ஏற்றத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் கையொப்பமிட்ட 1069 சாவிகளில் சுமார் 30 விழுக்காடு பொதுச் சாவி சர்வர்களில் கண்டெடுக்கவே முடியாதவை. சாவியே கிடைக்காவிட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

அதைவிடப் பெரிய விஷயம், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் வைத்த பின்கதவு. 2024 மார்ச்சில் வெளியே வந்தது. 5.6.0, 5.6.1 இரண்டு தொகுப்புகளிலும் முறையான கையொப்பம் இருந்தது. பராமரிப்பாளரே போட்டது. பின்கதவும் உள்ளே இருந்தது. எந்த ஜிபிஜியும் பிடிக்கவில்லை. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் பிடித்தார்.

#7 மூன்றாம்_ஜாமம்

> எந்த ஜிபிஜியும் பிடிக்கவில்லை

பிடிக்கும் என்று யார் சொன்னார்கள்? கையொப்பம் "யார் கொடுத்தது" என்பதற்கு மட்டும் பதில். கொடுத்தவர் கெட்டவர் என்றால் அவர் கொடுத்ததுதான் என்று உறுதியாகச் சொல்லும்.

ஆனால் எக்ஸ்இசட் விஷயத்தில் தாழ்வாரத்துக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. பின்கதவை உயிர்ப்பிக்கும் அந்த எம்4 கோப்பு (பில்டு ஸ்கிரிப்ட்) கிட் (மூலநிரல் வரலாறு காக்கும் கருவி) களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தது. ஆக, உங்கள் டார் கோப்பைக் கிட்டிலிருந்து வேறொருவரும் அப்படியே, பிட்டுக்குப் பிட்டு, மறுபடி உருவாக்க முடிய வேண்டும். கிட் ஆர்க்கைவ் கட்டளையால் டார் எடுங்கள், சுருக்கும் கருவியான ஜிசிப்புக்கு நேரத்தையும் பெயரையும் பதிக்காதே என்று சொல்லும் "என்" தெரிவைக் கொடுங்கள். கிட்டில் அதே பதிப்புக் குறியீட்டிலிருந்து (டேக்) யார் உருவாக்கினாலும் ஒரே டார் வர வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்று: கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் "மூலநிரல்" தொகுப்புக்குக் கையொப்பம் போடாதீர்கள். 2023 ஜனவரியில் கிட்டின் உள் ஜிசிப் நிரல் மாறியதும் அந்தத் தொகுப்புகளின் ஹாஷ்கள் ஒட்டுமொத்தமாக மாறின. உள்ளே இருக்கும் கோப்புகள் அவையே, சுருக்கிய பைட்டுகள் வேறு. எத்தனையோ பில்டுகள் உடைந்த பிறகு பழையபடி திருப்பினார்கள். நீங்களே உருவாக்கி, நீங்களே ஏற்றிய கோப்புக்குத்தான் கையொப்பம்.

#8 எளியன்

இந்தச் சிக்கலுக்குத்தான் லினக்ஸ் கெர்னல் தளத்தில் சுருக்காத டாருக்குக் கையொப்பம் போடுகிறார்கள். எக்ஸ்இசட் ஆனாலும் ஜிசிப் ஆனாலும் ஒரே கையொப்பம். விரித்து, பைப் வழியாக ஜிபிஜிக்குக் கொடுக்க வேண்டும். கோப்புப் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு சிறுகோடு.

#9 சந்தேகப்பேர்வழி

அதாவது, நம்பலாமா என்று தெரியாத கோப்பை முதலில் விரிக்கும் நிரலுக்குள் செலுத்தி, அப்புறம் நம்பலாமா என்று பார்ப்பது. விரிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால்? மன்னிக்கவும், எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த பைட்டுகள் கம்பி வழியே வந்தனவோ அவற்றுக்குத்தான் கையொப்பம்.

#10 பொதிகட்டி

இங்கே சந்தேகப்பேர்வழி பக்கம் நான். கெர்னல் தளத்துக்கு அவர்கள் காரணம் அவர்களுக்கு. ஒற்றை டார்.ஜிஇசட் வெளியிடும் திட்டத்துக்கு அந்தச் சுற்று தேவையே இல்லை.

#11 ஜாடிமூடி

ஜார் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஜார் என்பது ஜிப். ஜார்சைனர் அந்த ஜிப்புக்கு மொத்தமாகக் கையொப்பம் போடுவதில்லை. உள்ளே மெட்டா-இன்ஃப் அடைவில் மேனிஃபெஸ்ட் கோப்பு இருக்கும், அதில் ஒவ்வொரு உள்கோப்பின் ஹாஷும் எழுதப்படும். அந்த மேனிஃபெஸ்டின் ஹாஷ்கள் எஸ்எஃப் என்று முடியும் கோப்பில். அதற்கான கையொப்பமும் சான்றிதழும் ஆர்எஸ்ஏ அல்லது ஈசி என்று முடியும் கோப்பில். அடுக்கு மேல் அடுக்கு.

இதனால் வரும் விளைவுகள் பல. கையொப்பமிட்ட ஜாருக்குள் யாராவது புதிதாக ஒரு கோப்பைச் சேர்த்தால், பழைய கோப்புகளின் ஹாஷ் மாறாது. ஜார்சைனர் "ஜார் சரிபார்க்கப்பட்டது" என்றே சொல்லும், கீழே கையொப்பமில்லாத உள்ளீடுகள் இருப்பதாக ஓர் எச்சரிக்கையோடு. ஸ்கிரிப்டில் எக்சிட் கோடை (கட்டளை முடியும்போது தரும் எண்) மட்டும் பார்த்தால் 0, அதாவது வெற்றி. "ஸ்ட்ரிக்ட்" தெரிவைக் கொடுத்தால்தான் எச்சரிக்கை பிழையாகும். கையொப்பமில்லாத உள்ளீட்டுக்கு 16, காலாவதியான சான்றிதழுக்கு 4, இரண்டும் இருந்தால் கூட்டி 20. ஸ்ட்ரிக்ட் இல்லாத சரிபார்ப்பைச் சரிபார்ப்பு என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

முழுக் கோப்பையும் மூடாத இந்த முறையின் பலவீனத்தை ஆண்ட்ராய்டு உலகம் அனுபவித்தே தெரிந்துகொண்டது. 2017இல் வந்த ஜேனஸ் ஓட்டை ஏபிகேயின் (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பின்) முன்னால் டெக்ஸ் (ஆண்ட்ராய்டு இயக்கும்) நிரலை ஒட்டியது, உள்ளீடுகளை மட்டும் பார்க்கும் பழைய கையொப்பம் அப்படியே செல்லுபடியானது. ஆண்ட்ராய்டு 7.0இல் வந்த இரண்டாம் முறை முழுக் கோப்பையும் மூடுகிறது. அதனால்தான் ஏபிகேசைனரால் கையொப்பம் போட்ட பிறகு ஜிப்அலைன் கருவியால் உள்ளடக்கத்தை வரிசைப்படுத்தினால் கையொப்பம் உடைகிறது. வரிசை முக்கியம்.

அடுத்தது காலமுத்திரை. ஜாவாவின் கீடூலில் சாவி உருவாக்கும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் சான்றிதழின் ஆயுள் 90 நாள். "டிஎஸ்ஏ" (tsa) தெரிவில் காலமுத்திரை சர்வரின் முகவரி தராமல் கையொப்பமிட்டால், சான்றிதழ் காலாவதியான பின் நேற்று வரை சரியாக இருந்த ஜார் எச்சரிக்கையில் விழும். முத்திரை இருந்தால், கையொப்பமிட்ட நேரத்தில் சான்றிதழ் உயிரோடு இருந்தது என்று காட்டலாம்.

இத்தனையும் செய்து என்ன பயன் என்றால், உங்கள் நிலையில், பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாவா கட்டளையால் ஒரு ஜாரை ஓட்டும்போது, கையொப்பமிட்ட உள்கோப்பு மாறியிருந்தால் பிழை வரும். ஆனால் மெட்டா-இன்ஃபில் உள்ள கையொப்பக் கோப்புகளை மொத்தமாக நீக்கிவிட்டால் அது வெறும் கையொப்பமில்லாத ஜார், சத்தமில்லாமல் ஓடும். சான்றிதழ் யாருடையது என்றும் யாரும் கேட்பதில்லை. ஆகவே ஜாருக்கும் வெளியே தனிக் கையொப்பம், அதே ஏஎஸ்சி, அதுவே போதும். செருகுநிரல்களை ஏற்றுமுன் உங்கள் கருவியே சான்றிதழைப் பார்க்கும் என்றால் மட்டும் ஜார்சைனர்.

ஒரு கொசுறு: சார்பு நூலகங்களையெல்லாம் ஒரே ஜாரில் அடைக்கும்போது, அவற்றின் எஸ்எஃப் கோப்புகளும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் "மேனிஃபெஸ்டின் கையொப்பக் கோப்பு ஹாஷ் செல்லாது" என்று ஓடவே மறுக்கும். அடைக்கும்போதே எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ (DSA), ஈசி கோப்புகளை விலக்கிவிடுங்கள்.

#12 தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி, ஜாடிமூடி அவர்களின் பதில் எனக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தியது. ஜிபிஜி தனிக் கையொப்பம் இரண்டு கோப்புக்கும் என்று முடிவு செய்திருக்கிறேன். பயனர்களுக்காக நிறுவும் ஸ்கிரிப்ட் ஒன்றும் எழுதினேன். அது செய்வது: பொதுச்சாவியையும் டார் கோப்பையும் ஏஎஸ்சியையும் நம் தளத்திலிருந்து இறக்கும். சாவியை ஜிபிஜியில் சேர்க்கும். சரிபார்க்கும். எக்சிட் கோட் 0 என்றால் விரிக்கும். இதில் ஏதும் குறை தெரிகிறதா?

#13 சந்தேகப்பேர்வழி

பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் போட்டு அனுப்புகிறீர்கள். தளத்தைப் பிடித்தவர் மூன்று கோப்பையும் மாற்றிவைப்பார், உங்கள் ஸ்கிரிப்ட் மகிழ்ச்சியோடு 0 சொல்லும்.

#14 பொதிகட்டி

சொன்ன விதம் கடுமை, சொன்னது சரி. #2இல் ஹாஷுக்குச் சொன்ன குறை அப்படியே இங்கே பொருந்துகிறது. சாவி ஒவ்வொரு முறையும் கோப்போடு வந்தால் அது வெறும் நீண்ட ஹாஷ்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஜிபிஜியின் சரிபார்ப்பு, பயனரின் வளையத்தில் உள்ள எந்தச் சாவி கையொப்பமிட்டிருந்தாலும் 0 தரும். நம்பிக்கை எச்சரிக்கை எக்சிட் கோடை மாற்றாது. அவர் வளையத்தில் ஐம்பது பேரின் சாவி இருந்தால், அந்த ஐம்பதில் எவர் கையொப்பமிட்டாலும் உங்கள் ஸ்கிரிப்ட் ஏற்கும்.

இதற்கு ஜிபிஜிவி என்ற தனிக் கருவி இருக்கிறது. பெரும்பாலும் ஜிபிஜியோடேயே வரும். அதற்குக் கொடுக்கும் வளையத்தில் உள்ள சாவிகளை மட்டுமே ஏற்கும், அவற்றை முழுமையாக நம்பும், எச்சரிக்கை நாடகம் கிடையாது. உங்கள் ஒரே ஒரு சாவியை ஒரு வளையக் கோப்பாக எடுத்து ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஜிபிஜியையேதான் பயன்படுத்துவேன் என்றால், நிலைவரி வெளியீட்டில் "வேலிட்சிக்" என்று தொடங்கும் வரியில் முழுக் கைரேகை இருக்கும், அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திரையில் வரும் வாசகத்தை கிரெப் செய்து தேடாதீர்கள், அது மொழி அமைப்பைப் பொறுத்து மாறும்.

#15 எளியன்

ஸ்கிரிப்டும் அதே தளத்திலிருந்துதானே வரும்?

#16 பொதிகட்டி

முதல் முறை, ஆமாம். அதற்குத் தப்ப வழி இல்லை. முதல் முறை எங்கிருந்தாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் முதல் நிறுவலில் சரியான சாவி கிடைத்துவிட்டால், அதற்கப்புறம் தளம் பறிபோனாலும் அடுத்த பதிப்பில் பிடிபடும். கைரேகையைத் தளத்தில் மட்டுமல்லாமல் களஞ்சியத்தின் ரீட்மீயிலும், வெளியீட்டு அறிவிப்பு மின்னஞ்சலிலும், வேறு கணக்கிலும் போட்டுவையுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது கடினம்.

#17 மூன்றாம்_ஜாமம்

கையொப்பத்தை எங்கே இடுகிறீர்கள்? தொடர் ஒருங்கிணைப்பு சர்வரில் (தானாகக் கட்டிச் சோதிக்கும் கணினியில்) என்றால், தனிச்சாவி அங்கே இருக்கும், அந்த சர்வரைப் பிடித்தவருக்கு உங்கள் கையொப்பமும் கிடைக்கும். குறைந்தபட்சம் கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாதீர்கள், செயல்பட்டியலில் எல்லோருக்கும் தெரியும். கோப்பு விவரிப்பி வழியாகக் கொடுக்கலாம். என் யோசனை: முதன்மைச் சாவி இணையம் தொடாத இடத்தில், கையொப்பத்துக்கு ஒரு துணைச்சாவி.

#18 எளியன்

சாவியைப் பாதுகாக்கும் தொல்லையே வேண்டாம் என்றால் சிக்ஸ்டோர் திட்டத்தின் கோசைன் கருவி உண்டு. சான்றிதழின் ஆயுள் 10 நிமிடம், கையொப்பம் ரெக்கார் என்ற பொதுப் பதிவேட்டில் ஏறும், அப்புறம் சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம். அங்கேயும் "யார்" என்ற கேள்வி போகாது. சரிபார்க்கும்போது எந்த அடையாளத்தை, யார் வழங்கியதை எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். 2.0 பதிப்பிலிருந்து சொல்லாவிட்டால் கோசைன் மறுத்துவிடும். ஜிபிஜி அப்படி மறுத்திருந்தால் இந்த இழையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

புதிதாக எதையும் நிறுவ மாட்டேன் என்பவருக்கு, ஓபன்எஸ்எஸ்எச் 8.1 முதல் எஸ்எஸ்எச்-கீஜென்னாலேயே கோப்புக்குக் கையொப்பம் போடலாம். சரிபார்க்க, அனுமதிக்கப்பட்ட கையொப்பதாரர் பட்டியல் ஒன்று கட்டாயம். தொகுப்பை உள்ளீட்டுத் திசைமாற்றாகக் கொடுக்க வேண்டும், மறந்தால் கட்டளை சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

#19 தாழ்வாரம்

ஸ்கிரிப்டை ஜிபிஜிவிக்கு மாற்றிவிட்டேன், சாவி உள்ளேயே இருக்கிறது. கோப்பில் ஒரு பைட்டை மாற்றியும், வேறு சாவியால் கையொப்பமிட்டும் பார்த்தேன், இரண்டிலும் நிற்கிறது. கடைசியாக ஒன்று: சாவியை ஸ்கிரிப்டில் பதித்துவிட்டால், நாளைக்குச் சாவி மாறும்போது?

#20 மூன்றாம்_ஜாமம்

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் வழியைப் பின்பற்றுங்கள். அங்கே சிக்னிஃபை கருவியில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிச் சாவி. அடுத்த பதிப்பின் பொதுச்சாவி இந்தப் பதிப்புக்குள்ளேயே வந்துவிடும். நீங்களும் புதுச் சாவியை உருவாக்கியதும், பழைய சாவியால் கையொப்பமிட்ட ஒரு வெளியீட்டில் இரண்டு பொதுச்சாவியையும் வளையத்தில் வைத்து அனுப்புங்கள். அடுத்த வெளியீட்டிலிருந்து புதுச் சாவி மட்டும்.

சாவி தொலைந்தாலோ திருடுபோனாலோ இந்த வழி உதவாது, இந்தச் சாவி இனிச் செல்லாது என்று அறிவிக்கும் ரத்துச் சான்றிதழ்தான் வேண்டும். 2.1 முதல் சாவி உருவாக்கும்போதே ஜிபிஜி அதை எழுதிவிடும். உங்கள் ஜிபிஜி அடைவுக்குள் "ஓபன்பிஜிபி-ரெவாக்ஸ்" என்று தொடங்கும் துணை அடைவில் இருக்கும். அதை இன்றைக்கே வேறு ஊடகத்தில் நகல் எடுத்துவையுங்கள். தவறுதலாக யாரும் ஏற்றிவிடாமல் இருக்க, தொடக்க வரியின் கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டுவைத்திருப்பார்கள். தேவைப்படும் நாளில் அதை நீக்கினால்தான் ஜிபிஜி ஏற்கும்.